முப்பத்தெட்டு ஜோடிக் காதுகள்

இடுப்புக்குக் கீழே, வலது பக்கத்தில், யாரோ ஓர் ஆணியை அடித்து விட்டுவிட்டுப் போனதுபோல் ஒரு வலி. உட்கார்ந்தால் குத்தும், எழுந்தால் குத்தும், தும்மினால் உயிர் போய்த் திரும்பி வரும். அன்று மத்தியானம் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, மார்பின்மேல் கேமராவை வைத்துக்கொண்டு, தும்மல் வரக்கூடாதே என்று மூக்கைப் பிடித்தபடி கிடந்தேன். மச்சான் உள்ளே வந்து ஒரு பழுப்பு உறையை என் வயிற்றின்மேல் போட்டார்.

"படிச்சுப் பாரு மாப்ளே. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. என் மானம் கப்பலேறிப் போச்சு."

மச்சான் என் மனைவியின் அண்ணன். சிமென்ட் கிடங்கில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. உறைக்குள் நான் எடுத்த படங்கள் இருந்தன. முப்பத்தெட்டு ஆட்கள், முப்பத்தெட்டு படங்கள். கூடவே மேனேஜர் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டு:

'முகம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. காதுகள் மிகத் தெளிவாக உள்ளன. காதைப் பார்த்து ஆளை உள்ளே விடும் ஏற்பாடு நம் வாசலில் இல்லை. சனிக்கிழமை மறுபடி எடுக்கவும். அப்போதும் இப்படியே வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.'

அவர் எழுதியதில் பொய் இல்லை. தாடிக்காரரின் படத்தில் தாடி பஞ்சுமிட்டாய்போல் கலைந்து கிடந்தது. காதில் வளர்ந்திருந்த மயிரையோ ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையனின் காது மடலில் ஒட்டிய சிமென்ட் துகள்கூடத் தெரிந்தது. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் நீராவி.

திங்கட்கிழமை முதல் அடையாள அட்டை காட்டினால்தான் கிடங்கு வாசலைத் தாண்ட முடியும். அட்டையில் முகம் வேண்டும். அந்த முப்பத்தெட்டு பேர் கவலையும் பெரிய கவலைதான். ஆனால் அவர்களுக்கு வேறு ஆள் வந்து படம் எடுத்துக்கொடுத்துவிடுவான். எனக்குத்தான் வேறு வழி கிடையாது. பத்தொன்பது வருடம் அதே கிடங்கில் மூட்டை சுமந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்குவேன் என்பதால் என் பெயரே ரெட்டை. அந்தப் பெருமைதான் ஆணியாக இடுப்பில் இறங்கியது. இனிமேல் தண்ணீர்க் குடத்துக்குமேல் எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் மேனேஜர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, கிழிந்த மூட்டை, இடித்த லாரி, உடைந்த கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கும் வேலை ஒன்றை எனக்குப் பேசி வைத்திருந்தார். நிரந்தர வேலை. இந்த அட்டைப் படம்தான் அதற்குப் பரீட்சை. இதில் தவறினால் திங்கட்கிழமை நானும் மூட்டைக்கடியில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க மாட்டேன்.

"காத எதுக்குடா எடுத்த?" என்றார் மச்சான்.

"நான் கண்ணைத்தான் குறி வச்சேன் மச்சான். சத்தியமா. பெட்டிக்குள்ள பச்சைக் கட்டம் கண்ணு மேலதான் விழுந்துச்சு. பீப்னு சத்தமும் வந்துச்சு."

"அப்ப பெட்டி பொய் சொல்லுதா?"

"லென்ஸ் பொய் சொல்லுது."

அந்த லென்ஸுக்காக என் கேமரா ஸ்டாண்டை விற்றிருந்தேன். கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது அதை என் தலையில் கட்டினார். வாய் அகலமான லென்ஸ். முன்பக்கக் கண்ணாடி டீத் தட்டு அளவு இருக்கும். கிடங்குக்குள் வெளிச்சம் குறைவு. பிளாஷ் போட்டால் காற்றில் பறக்கும் சிமென்ட் தூசியெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழுந்து, எல்லாருக்கும் அம்மை போட்டதுபோல் வரும். வேலை நேரத்தில் ஆட்களை வெளியே வெயிலுக்கு அழைத்துவர மேனேஜர் விடமாட்டார். எனவே வாயை முழுக்கத் திறந்து வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ்தான் வேண்டும் என்பது என் கணக்கு. கணக்கு சரி. காது மட்டும்தான் கணக்கில் இல்லை.

மறுநாள் காலை ரிப்பேர்காரரிடம் போனேன். சந்துக்குள் ஒரு ஆள் புழங்குகிற அளவு கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடியே எல்லாரையும் பார்ப்பார். அதனால் எல்லாரும் அவருக்கு ஒரு பக்கம் பெரிதாகத் தெரிவார்கள் என்று நினைக்கிறேன்.

லென்ஸின் பின்பக்கத்தை ஊதினார். ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது.

"லென்ஸா இது, கிடங்கா? இன்னும் ரெண்டு ஊது ஊதினா ஒரு சுவர் பூசிடலாம்."

"போகஸ் பின்னாடி போகுதுண்ணே. கண்ணைக் குறி வச்சா காதுல விழுது."

அவர் மேஜையில் ஓர் அடிக்கோலைச் சாய்த்து வைத்தார். கேமராவைப் பெட்டிகளின்மேல் அசையாமல் உட்கார வைத்து, பதினைந்து என்ற எண்ணைக் குறி வைத்து அமுக்கினார். படத்தில் பதினைந்து கண்ணாடிபோல் தெரிந்தது. முன்னால் பதினான்கு மங்கல், பின்னால் பதினாறு மங்கல். ஐந்து தடவை எடுத்தார். ஐந்து தடவையும் பதினைந்தேதான்.

"பாத்தீங்களா? வாய் எவ்வளவு அகலமா திறக்குதோ, தெளிவு அவ்வளவு மெலிசாயிடும். இந்தத் தூரத்துல ஒரு விரற்கடைதான் தெளிவு. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் தேறாது. ஆனா குறி வச்ச இடத்துல கரெக்டா உக்காருது."

"அப்ப என் கையில மட்டும் ஏன் இப்படி?"

"சரி, என்னை எடுங்க."

எடுத்தேன். அவருடைய இடது காது அற்புதமாக வந்திருந்தது. அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி, முதல்முறையாக என்னை இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு கோளாறும் இல்ல. அந்தப் பக்கம் நான் ரிப்பேர் பாக்கறதில்ல" என்று சொல்லி லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்தொன்பது வருடத்தில் என் கையிலிருந்து ஒரு மூட்டை நழுவியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பரீட்சை நடந்தது. மனைவி அதே கிடங்கில், மூட்டை வாய் தைக்கும் மெஷினில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, "ஒரே ஒரு படம். கடைசியில உனக்குன்னு நல்லதா ஒண்ணு எடுத்துத் தர்றேன், மாட்டி வச்சுக்கலாம்" என்றேன். கல்யாணத்தன்று யாரோ எடுத்த ஒரு படத்தைத் தவிர அவளுக்கென்று படம் கிடையாது. அதிலும் பாதி முகத்தை மாமனாரின் தோள் மறைத்துவிட்டது.

"சீக்கிரம் எடுங்க. துணி ஊற வச்சிருக்கேன்."

அறுபது படம் எடுத்தேன். அறுபதும் காது.

மச்சான் வேலை முடிந்து நேரே வந்து சேர்ந்தார். அவரிடம் யோசனைகள் தயாராக இருந்தன.

"காது இருக்கறதாலதானே அதுக்குப் போகுது? காத மூடிடு."

மனைவியின் தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினோம். பல்வலிக்காரிபோல் உட்கார்ந்திருந்தாள். எடுத்தேன். துண்டின் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முகம் நீராவி.

"நல்ல துண்டு" என்றார் மச்சான், படத்தை உற்றுப் பார்த்து. "எங்க வாங்கினீங்க?"

"அண்ணே, துண்டு படம் எடுக்கவா என்னை உக்கார வச்சிருக்கீங்க?"

"இரு தங்கச்சி. அது பின்னாடி போகுதில்ல, நாம முன்னாடி ஒண்ணு காட்டி ஏமாத்துவோம்." சமையலறைக்குள் போய் ஒரு கரண்டியை எடுத்து வந்தார். "இதை மூக்குக்கு முன்னால பிடி. நாலு விரல் தள்ளி. மாப்ளே, நீ கரண்டியைக் குறி வை."

கரண்டியைக் குறி வைத்தேன். பீப். அமுக்கினேன்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கரண்டி மங்கல். முகம் தெளிவு! இமை, புருவம், நெற்றியில் வியர்வை, எல்லாம் இருந்தன. மூக்கும் வாயும் மட்டும் கரண்டிக்குப் பின்னால்.

"அடிச்சான் பாரு!" என்று மச்சான் என் முதுகில் ஓங்கித் தட்டினார். ஆணி உச்சந்தலை வரை ஏறியது. "நாளைக்கு முப்பத்தெட்டு பேர் கையிலயும் கரண்டி கொடுத்துடுவோம்."

"அட்டையில கரண்டியோட நின்னா வாசல்ல சமையல்காரங்கன்னு நினைப்பாங்க" என்றேன்.

மனைவி மட்டும் கரண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தையல் கோணினா ரெண்டே காரணம்தான்" என்றாள். "மூட்டை நகர்ந்திருக்கணும், இல்ல மெஷின் நகர்ந்திருக்கணும். நான் நாற்காலியில உக்காந்திருக்கேன், நகரல. அப்ப நகர்றது நீங்கதான்."

"நானா? நான் கல்லு மாதிரி நிக்கறேன். ஆடக்கூடாதுன்னு மூச்சைக்கூடப் பிடிச்சுக்கறேன்."

"எங்க, இன்னொரு தடவை எடுங்க. அண்ணே, நீங்க இங்க உக்காருங்க. நான் பக்கவாட்டுல நின்னு பாக்கறேன்."

மச்சான் உட்கார்ந்தார். நான் குறி வைத்தேன். பீப். மூச்சைப் பிடித்தேன். அமுக்கினேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன?"

"மூச்சைப் பிடிச்சதும் முழங்காலை மடக்கிக்கிட்டு முன்னால சாயறீங்க. முதுகுல மூட்டை வாங்கற மாதிரி!"

"பொய்."

"கேமராவைக் கீழ வைங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்க. ம்... இப்ப மூச்சைப் பிடிங்க."

பிடித்தோம். பிடித்த அதே நொடியில் மச்சானும் நானும் ஒரேபோல் முழங்காலை மடக்கி, மார்பைத் தள்ளி, நாலு விரற்கடை முன்னால் சாய்ந்து நின்றோம். வீட்டு நடுவில், யார் கண்ணுக்கும் தெரியாத இரண்டு மூட்டைகளுக்காக.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு முதல் நாள் வேலை சொல்லிக்கொடுத்தவரே மச்சான்தான். பின்னால் நிற்கிறவன் மூட்டையைத் தூக்கியதும் மூச்சைப் பிடி, முன்னால் சாய், அப்போதுதான் மூட்டை கழுத்தில் விழாமல் முதுகில் உட்காரும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை, பத்தொன்பது வருடம். அந்த முதுகு இப்போது கேமராவுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம் கண்ணில் விழுந்த பிறகு நான் நாலு விரற்கடை முன்னால் போய்விடுகிறேன். கண்ணில் இருந்த தெளிவு, நாலு விரற்கடை பின்னால் காதுக்குப் போய்விடுகிறது. லென்ஸ் ஒரு பாவமும் அறியாது.

"மூச்சைப் பிடிக்காம எடுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அது சொல்ல எளிது. மூச்சைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்ததும் மூச்சு தானாக நின்றது. மூச்சு நின்றதும் முதுகு சாய்ந்தது. இருட்டுகிற வரை எடுத்து இருநூறைத் தாண்டினேன். கடைசியில் அவள் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள். பாதி வழியில் திரும்பி, "எனக்கு ஒரு படம் எடுத்துத் தர்றேன்னீங்க" என்றாள்.

"நாளைக்கு இது முடியட்டும். கண்டிப்பா."

சனிக்கிழமை காலை. மச்சான் விடிந்ததும் ஒரு திட்டத்தோடு காத்திருந்தார். மூட்டைகளை மார்பளவு அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்துவிட்டார். நல்ல ஸ்டாண்ட். நான் சாய்ந்தாலும் கேமரா நகரவில்லை. என் மூக்கு மட்டும் அதில் இடித்தது. தாடிக்காரரை நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்தது. வேறு பேட்டரி எடுக்க அறைக்குப் போய்த் திரும்பி வந்தேன். கேமரா தரையில் ஒரு காலிச் சாக்கின்மேல் இருந்தது. ஸ்டாண்ட் இல்லை.

"ஸ்டாண்ட் எங்க?"

ஒட்டடைக்குச்சி வாசல் பக்கம் கைகாட்டினான். ஒரு லாரி பின்பக்கம் தூசி கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அடுக்கி இருந்துச்சு, ஏத்திட்டோம்ண்ணே. அடுக்கி இருந்தா ஏத்தறதுதானே வேலை?"

அவனைத் திட்டுவதற்குக்கூட எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. மறுபடி அடுக்க மேனேஜர் ஒப்பவில்லை. வரிசையில் மூன்று லாரிகள் நின்றன. படத்துக்கென்று ஒரு மூட்டை நிற்கக்கூடாது என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அப்போது மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். கையில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிறு.

"அந்தத் தூணுல முதுகை ஒட்டி நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கன்னா."

மார்பில் இரண்டு சுற்று, இடுப்பில் இரண்டு சுற்று. மச்சான் வந்து முடிச்சை இறுக்கினார். லாரியில் பாரம் கட்டுகிற முடிச்சு அது. அவிழ்க்கிறவன் மனம் வைத்தாலொழிய அவிழாது. கைகள் மட்டும் வெளியே. மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கால் துடித்தது. உடம்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சொல்லப்போனால் இடுப்புக்கு இதமாகவும் இருந்தது.

"வாங்க தாடி" என்றார் மச்சான் வெற்றியோடு.

தாடிக்காரர் எதிரே வந்து நின்றார். நான் குறி வைத்தேன். பச்சைக் கட்டம் கண்ணில். பீப்.

"அசையாதீங்கண்ணே, மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லி அமுக்கினேன்.

படத்தைப் பார்த்தேன். காது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கயிற்றில் கட்டுண்டு, தூணோடு தூணாக நின்றும் காது. கேமராவைத் தரையில் போட்டு உடைத்திருப்பேன். உடைந்ததைக் குனிந்து பொறுக்க முடியாதபடி கட்டியிருந்ததால் உடைக்கவில்லை. திங்கட்கிழமையின் மூட்டை அப்போதே முதுகில் ஏறிவிட்டதுபோல் இருந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி மெதுவாக. "அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மூச்சைப் பிடிங்கன்னேன்."

"அவரும் மூட்டை தூக்கறவருதானே?"

நிமிர்ந்து பார்த்தேன். தாடிக்காரர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார். விடச் சொல்ல நான் மறந்துபோயிருந்தேன்.

"யோவ் தாடி, மூச்ச விடுய்யா, செத்துடப் போற!" என்று மச்சான் ஓடினார்.

முந்தின தடவை நானும் முன்னால் சாய்ந்திருக்கிறேன், அவர்களும் முன்னால் சாய்ந்திருக்கிறார்கள். முகம் தப்பிப் பிழைக்க வழியே இருந்திருக்கவில்லை.

மூச்சைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கேமராவைக் கண்டதும் அவர்களாகவே பிடித்தார்கள். பேசச் சொன்னோம். வாய் திறந்த படமாக வந்தது. எதிர்த் தூணில் அவர்களையும் கட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மச்சான் இரண்டாவது கயிற்றைக் கொண்டுவந்தார். ஒரு தூணில் நான், எதிர்த் தூணில் தாடிக்காரர். நடுவில் இரண்டு எட்டுத் தூரம். மனைவி பக்கவாட்டில் நின்று, யார் நெளிந்தாலும் கரண்டிபோல் விரலை நீட்டினாள்.

பீப். அமுக்கினேன்.

கண். மூக்கு. உதடு. தாடியின் ஒவ்வொரு மயிரும். காது மங்கல்! ஆகா, அந்தக் காது எவ்வளவு அழகாக மங்கியிருந்தது!

ஒருவரை அவிழ்ப்பதும் அடுத்தவரைக் கட்டுவதுமாக வேலை சூடுபிடித்தது. வரிசையில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

"மேஸ்திரி, முடிச்சு இறுக்கமா போடுங்க, அவன் ஓடிடுவான்."

"ரெட்ட அண்ணே, வீட்டுலயும் இப்படித்தான் கட்டிப் போடுறாங்களா?"

"வாய மூடு. மூடினாதான் படம் வரும்."

இருபதாவது ஆளாக ஒட்டடைக்குச்சி கட்டப்பட்டிருந்தபோது மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். எதிரெதிரே இரண்டு ஆட்கள் தூணில் கட்டுண்டு நிற்பதைப் பார்த்து, கையிலிருந்த காகிதங்களைக் கீழே விட்டார்.

"என்ன நடக்குது இங்க? ரெண்டு பேரும் என்ன திருடினாங்க?"

"படம் எடுக்கறோம் சார்" என்றார் மச்சான்.

"யாரை யாரு எடுக்கறது?"

"இவரு அவரை எடுக்கறாரு சார்" என்றாள் மனைவி. "அவரு முடிஞ்சதும் அடுத்த ஆளைக் கட்டணும். நீங்க கொஞ்சம் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி நிக்கறீங்களா?"

மேனேஜர் தள்ளி நின்றார். அவர் யார் சொல்லியும் தள்ளி நின்று நான் பார்த்ததில்லை. கேமராவை நீட்டி, எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பத்தொன்பது முகங்கள். என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா என்று தெரியாது. சத்தம் இரண்டுக்கும் பொருந்தியது.

சாயங்காலம் சீட்டு வந்தது. 'முகங்கள் தெளிவு. அனைவரின் மார்பிலும் கயிறு தெரிகிறது. பரவாயில்லை.' அதன் கீழே, நான் திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கேமராவோடு வர வேண்டும் என்று ஒரு வரி. மச்சான் அந்த வரியை மூன்று முறை சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு முறையும் என் முதுகில் தட்டினார். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வாசல் காவலாளி அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் என்னப்பா, கடத்திட்டுப் போனவங்க மாதிரி இருக்கீங்க?" என்றார். முகம் பொருந்தியதால் உள்ளே விட்டார்.

இப்போது நான் கிழிந்த மூட்டைகளைப் படம் எடுக்கிறேன். மூட்டை மூச்சைப் பிடிப்பதில்லை. அதனால் பாதிச் சிக்கல் இல்லை. மீதிச் சிக்கலுக்குப் பக்கத்தில் எந்தத் தூண் இருக்கிறதோ அதில் கட்டிக்கொள்கிறேன். கயிறு என் கேமராப் பையிலேயே இருக்கிறது. வேலை போகவில்லை. இடுப்பில் ஆணி அதே இடத்தில் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வீட்டில் தூண் கிடையாது. கதவில் கட்டிப் பார்த்தோம். கதவு திறந்துகொண்டு நானும் கதவுமாகச் சேர்ந்து சாய்ந்தோம். காதுதான் வந்தது. லீவு நாளில் கிடங்குக்கு அழைத்துப்போய் எடுக்கிறேன் என்றேன். லீவு நாளிலும் அந்தத் தூசிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மெஷின் நகர்ந்ததைக் கண்டுபிடித்தவள் அவள், கயிறு கொண்டுவந்தவள் அவள். அவளை வைத்து எடுத்ததில் காது இருக்கிறது, துண்டு இருக்கிறது, கரண்டி இருக்கிறது. கண்ணும் மூக்கும் வாயும் தெளிவாக, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரே ஒரு படம்: அது அவளுக்கு நான் இன்னும் வைத்திருக்கும் பாக்கி.